பெஞ்சில் உட்காருங்க, சாரே

எளாவூர் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால், கல்கத்தா நெடுஞ்சாலை ஓரத்தில், பொய் சொல்கிறவர்களுக்குப் பஞ்சர்கூட ஒட்டித்தராத ஒரு பெண்மணி டயர்க் கடை வைத்திருந்தார். பெரிய பொய்யெல்லாம் வேண்டியதில்லை. "ஆணி எங்க ஏறுச்சு?" என்று கேட்பார். "தெரியலக்கா" என்று பதில் வந்தால் போதும். கையிலிருக்கும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து அவித்த வேர்க்கடலையை எடுத்து உடைத்துத் தின்ன ஆரம்பித்துவிடுவார். "அப்போ ஒட்டறது எப்டின்னு எனக்கும் தெரியல நைனா" என்பார். வந்தவன் கெஞ்சுவான், முறைப்பான், அடுத்த கடை எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பான். அடுத்த கடை ஆந்திராவில் இருந்தது.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. பேரன் எடுத்த லாரி டிரைவர்களுக்கும் அவர் அக்கா. அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவனான எனக்கும், ஒரு நாள் முழுக்க முரண்டு பிடித்த பிறகு, அக்கா. புடவைக்கு மேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை. கொண்டையில் பூ வைக்கிற இடத்தில் ஒரு சாக்பீஸ். டயரில் குறி போட வேண்டுமானால் கொண்டையிலிருந்து உருவிக் கோடு இழுத்துவிட்டு மறுபடி அங்கேயே செருகிக்கொள்வார். அதனால் அவர் தலையில் எது நரை, எது சாக்பீஸ் தூள் என்று யாருக்கும் தெரியாது.

கடை வாசலில் ஒரு பெஞ்சு கிடந்தது. ஏதோ பழைய லாரியின் பக்கப் பலகையை அறுத்துச் செய்தது. "ஹாரன் அடிக்கவும்" என்பதில் "ஹாரன்" மட்டும் மிச்சமிருக்கும். அந்தச் சாலையில் ஓடும் டிரைவர்கள் அதற்குக் கோர்ட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். வண்டி ஓடும்போது ஆடுகிறது, ஸ்டியரிங் நடுங்குகிறது என்று யார் வந்தாலும் முதலில் அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும். அக்கா எதிரே ஒரு டயரைப் படுக்கப் போட்டு அதன் மேல் உட்காருவார். இரண்டே கேள்விகள். "எப்போலருந்து ஆடுது?" இதற்கு எல்லாரும் நாள், நட்சத்திரத்தோடு பதில் சொல்லிவிடுவார்கள். "அதுக்கு மொத நாள் இன்னா பண்ணே?" இதற்குத்தான் ஒருவருக்கும் வாய் வராது.

நெல்லூர்க்கார டிரைவர் ஒருவர் இரண்டு மணி நேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். முன்சக்கரத்தின் விளிம்பு ஓரிடத்தில் நெளிந்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை, ரோடு சரியில்லை, முதலாளி சரியில்லை, டயர் கம்பெனி சரியில்லை என்று அவர் ஊரையே குற்றம் சொல்லி முடித்தார். அக்கா கடலை தின்றுகொண்டிருந்தார். கடைசியில் அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, வண்டி ஓட்டியபடியே அவித்த முட்டை உரித்ததாகவும், முட்டை நழுவி பிரேக் பெடலுக்குக் கீழே உருண்டதாகவும், அதை எடுக்கக் குனிந்தபோது வண்டி சாலை நடுவிலிருக்கும் கட்டைமேல் ஏறி இறங்கியதாகவும் சொன்னார்.

"முட்டை இன்னா ஆச்சு?" என்று கேட்டார் அக்கா.

"தின்னுட்டேன்க்கா."

"கீய உயுந்ததயா?"

"ஆமாக்கா."

"இப்போதான் முயுசா சொல்லிக்கிற" என்று எழுந்து ஜாக்கியை எடுத்தார்.

இந்தப் பிடிவாதத்துக்கு அவர் ஒரு நியாயம் வைத்திருந்தார். காரணம் தெரியாமல் சரி செய்தால் அதே ஆள் அதே கோளாறோடு திரும்ப வருவானாம். "ஒரே மூஞ்சிய ரெண்டு தபா பாக்கறது எனக்குப் பேஜாரு சாரே" என்பார். தன்னையும் அவர் விட்டுவைத்தது கிடையாது. ஒரு முறை நட்டை அளவுக்கு மீறி இறுக்கி ஒரு போல்ட்டை முறித்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. அவராகவே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "ஒடச்சது நான்தான். கோவத்துல இறுக்கினேன். கோவம் உன்மேல இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். கோபம் யார் மேல் என்று கேட்கிற தைரியம் அங்கே யாருக்கும் இல்லை.

ஒரே ஒரு டிரைவர் மட்டும், கொஞ்சம் துடுக்கானவர், அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார். அக்கா டயரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அவரும் அந்தப் பெஞ்சுலதான் நைனா உக்காந்தாரு. ஒத்துக்கல. எந்திரிச்சுப் போய்ட்டாரு." 

அக்காவைப் பார்த்து ஊர் பயந்தது அவர் கண்டுபிடிப்பதற்காக. ஊர் நம்பியது அவர் வெளியே சொல்லாததற்காக. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை மேலாளர், பெரிய கார்க்காரர், வண்டி திடீரென்று ஆடுகிறது என்று வந்தார். முதல் நாள் திருப்பதி போய் வந்ததாகப் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். அக்கா சக்கரத்தின் உள்பக்கம் கைவிட்டு, காய்ந்து ஒட்டிக்கிடந்த களிமண்ணை ஒரு பிடி பெயர்த்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "இது திருப்பதி மண்ணு இல்ல சாரே. பொன்னேரி வயக்காட்டு மண்ணு. பெருமாள் எப்போ அங்க குடி வந்தாரு?" சக்கரத்துக்குள் ஒரு பக்கமாக மண் அப்பிக்கொண்டால் வண்டி ஆடத்தான் செய்யும். மண்ணை வழித்துப் போட்டதும் ஆட்டம் நின்றுவிட்டது. வீட்டுக்குத் தெரியாமல் பொன்னேரிப் பக்கம் ஒரு வயலை விலை பேசிக்கொண்டிருக்கிறார் என்பது பெஞ்சில் தெரிந்தது. மறுநாள் மேலாளரின் மனைவியே காரில் வந்து, "அவர் எங்கே போயிட்டு வந்தாரு, உங்களுக்குத் தெரியுமாமே" என்று கேட்டபோது அக்கா, "சக்கரத்துல மண்ணு இருந்துச்சுமா. ரோட்டுல ஓடற சக்கரத்துல மண்ணு இல்லாம மல்லியப்பூவா இருக்கும்?" என்று சொல்லிக் கடலை நீட்டி அனுப்பிவிட்டார். இதை எனக்குச் சொன்னவர் அந்த மேலாளரேதான். அப்போது அவருடைய தொழிற்சாலையில்தான் நான் தரக்கட்டுப்பாடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்லவேண்டுமானால் என் மனைவியிலிருந்து தொடங்க வேண்டும்.

அவளுக்கு அரை மணிக்கு ஒரு தரம் பாத்ரூம் போயாக வேண்டும். நான்கு வருஷமாக அப்படி. மருந்து, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. திருவள்ளூரில் பெருமாள் கைங்கரியம் செய்கிற குடும்பத்துப் பெண். கல்யாணம், சீமந்தம் என்றால் முதல் வரிசையில் நிற்கிறவள். வேப்பம்பட்டிலிருந்து போகிற மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது, பஸ்ஸிலும் கிடையாது. தூர ரயிலில் இருக்கிறது, ஆனால் ஒரு முறை உள்ளே யாரோ தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெளியே வரவே இல்லை. அன்று என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதோடு அவள் எங்கேயும் போவதை நிறுத்திவிட்டாள். விசாகப்பட்டினத்தில் இருக்கும் அவள் அக்காவைப் பார்த்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அதனால் ஓய்வு பெற்றதும் பழைய பன்னிரண்டு சீட் வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, முக்கியமாக ஒரு கழிப்பறை வைத்துக் கட்டச் சொன்னேன். தெருவில் எல்லாரும் அதைக் கேரவன் என்றார்கள். "படப்பிடிப்பு எந்த ஊர்லே?" என்று எதிர்வீட்டுக்காரர் தினமும் கேட்டார்.

ஐப்பசியில் அவள் அத்திம்பேருக்குச் சதாபிஷேகம். விசாகப்பட்டினத்து அக்காவின் வீட்டுக்காரருக்கு எண்பது முடிகிறது. கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது, ஆயுதபூஜை முடிந்த மறுநாள், சோதனை ஓட்டமாக நெடுஞ்சாலையில் விட்டேன். எழுபது வரைக்கும் வண்டி சமர்த்து. எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் என் கையில் நடுங்கத் தொடங்கியது. எண்பத்தைந்தில் பின்னால் எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் பேச ஆரம்பித்தன. தொண்ணூறில் கழிப்பறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே அவள் இருந்தாள்.

மூன்று கடைகளில் வீல் பேலன்சிங் செய்தேன். மூன்றிலும் சக்கரத்தைக் கழற்றி எந்திரத்தில் மாட்டிச் சுற்றிக் காட்டினார்கள், திரையில் சைபர், சைபர், சைபர். மாட்டி ஓட்டினால் எண்பதில் அதே ஆட்டம். முப்பது வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்து, மற்றவர்கள் செய்ததையெல்லாம் ரிஜெக்ட் செய்தே பழகியவன் நான். அந்த மூன்று கடைகளையும் மனசுக்குள் ரிஜெக்ட் செய்துவிட்டு, மேலாளர் சொன்னது ஞாபகம் வந்து எளாவூருக்குப் போனேன். அவள் வேனுக்குள்ளேயே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"பெஞ்சுல உக்காருங்க சாரே" என்றார் அக்கா. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. உட்கார்ந்தேன்.

"கடசியா சக்கரத்த கயட்டினது யாரு?"

"மூன்று பேலன்சிங் கடையிலும் கழற்றினார்கள்."

"அதுக்கு முன்னாடி? ஆட்டம் வர்றதுக்கு மொதல்ல?"

"சர்வீஸ் சென்டரிலே" என்றேன். பளிச்சென்று வந்துவிட்டது அந்தப் பொய். உண்மை என்னவென்றால், ஆயுதபூஜைக்கு முன்தினம் முன்சக்கரம் இரண்டையும் நானே வீட்டு வாசலில் கழற்றி, துருவைத் தேய்த்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தேன். இரண்டு கோட்டு. முப்பது வருஷ அனுபவம் உள்ளவன் கையால் செய்தது. அதில் குற்றம் இருக்குமென்று ஒரு டயர்க்கடைக்காரரிடம் சொல்ல மனசு வரவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தார்.  "மூக்குக்கண்ணாடி எங்க வாங்கினீங்க, அதுவும் சர்வீஸ் சென்டர்லியா?"

"ஏன்?"

"ஃபிரேமுல சில்வர் பெயிண்ட்டு ஒட்டிக்கினு கீது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.  அது எங்கேயோ பட்டது, வேறு ஏதோ வேலையில் பட்டது என்று முணுமுணுத்தேன். அக்கா சட்டைப் பைக்குள் கைவிட்டார். கடலை வெளியே வந்தது.

"அப்போ கெளம்புங்க சாரே. ஞாபகம் வந்தா வாங்க. எண்பதுக்கு மேல மட்டும் போவாதீங்க, மாமி உள்ள இருக்குறாங்க."

திரும்பி வரும்போது அறுபதில் ஓட்டினேன்.  பெரியபாளையம் தாண்டியதும் அவள் சொன்னாள். "வித்துடுங்கோன்னா. எனக்காக இவ்வளவு அலைய வேண்டாம். அக்காவுக்குப் போன்லேயே நமஸ்காரம் பண்ணிக்கறேன்." அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள், காய்கறிக்காரரிடம் இன்று ஒன்றும் வேண்டாம் என்று சொல்வதைப்போல.  அவளுடைய நான்கு வருஷத்தை விடவா என் பெயிண்ட் அடிக்கிற கௌரவம் பெரிது என்று தோன்றியது.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே போய் நின்றேன். அக்கா சொல்வதற்கு முன்னாலேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன். ஜாக்கி வைத்தது, கழற்றியது, தேய்த்தது, பெயிண்ட் அடித்தது.

"வெளிப்பக்கமா, உள்பக்கமுமா?"

"முழுசா. ஒரு இடம் விடலை."

"காயற வரைக்கும் யாரு கிட்ட வந்தாங்க?"

"யாரையும் வர விடலை. கிட்டே வந்தால் தெரியும் சேதி என்று கத்தியிருந்தேன். காபி குடிக்க உள்ளே போனதுதான் மிச்சம்."

அக்கா வேன் ஜன்னலைப் பார்த்தார். அங்கே என் மனைவியின் முகம் தெரிந்தது, உடனே மறைந்தது. "சரி, இப்ப வண்டியயும் ஒரு வார்த்த கேக்கணும்" என்று எழுந்தார்.

ஆரம்பாக்கம் வரைக்கும் ஓட்டச் சொன்னார். என் பக்கத்தில் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வேன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்துக்கொண்டார். எண்பது வந்தது, ஆட்டம் வந்தது. "சீட்டு ஆடல, ஸ்டியரிங்குதான் ஆடுது. அப்போ முன்னாடிதான். கியர எடுத்து நியூட்ரல்ல உடுங்க." விட்டேன். இன்ஜின் சத்தம் தணிந்தது, ஆட்டம் தணியவில்லை. "இன்ஜின் தப்பிச்சுது. லேசா பிரேக்க தொடுங்க." தொட்டேன். ஆட்டம் கூடவில்லை. "பிரேக்கும் தப்பிச்சுது" என்றார், ஒவ்வொருவராக விடுதலை செய்கிற தோரணையில். பின்னால் என் மனைவி டம்ளர்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்கு வந்ததும் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார். ஒரு செங்கல்லை நிற்க வைத்து, அதன் மேல் கொண்டை சாக்பீஸை விளிம்பைத் தொட்டும் தொடாமலும் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினார். ஒழுங்காக ஓடுகிற சக்கரமாக இருந்தால் சுற்றிலும் கோடு விழ வேண்டும், அல்லது எங்குமே விழக்கூடாது. இதில் ஓரிடத்தில் மட்டும் ஒரு ஜாண் நீளத்துக்கு விழுந்தது. அப்புறம் சக்கரத்தைக் கழற்றி, இரண்டு போல்ட் தள்ளித் திருப்பி மாட்டி மறுபடி சுற்றினார். சாக்பீஸ் கோடு இப்போது சக்கரத்தில் வேறு இடத்தில் விழுந்தது.

"பாத்தீங்களா சாரே? சக்கரம் கோணலா இருந்தா கோடு மொதல்ல உயுந்த எடத்துலயே உயும். எடம் மாறிடுச்சு. சக்கரம் நல்லாத்தான் கீது. அது போய் உக்கார்ற எடத்துலதான் ஏதோ கீது. உங்க மூணு கடக்காரனும் சக்கரத்தப் பாத்தான், உக்கார்ற எடத்தப் பாக்கல."

இன்னும் தொடாத மறுபக்கத்து முன்சக்கரத்தில் நட்டுகள் ஒவ்வொன்றும் அரைச் சுற்று தளர்ந்திருந்ததையும் காட்டினார். அடியில் பெயிண்ட் இருந்தால் அது நசுங்க நசுங்க நட்டு விட்டுக்கொடுத்துக்கொண்டே போகுமாம். "இன்னும் நாலு தபா எண்பதுல போயிருந்தீங்கன்னா சக்கரம் உங்களுக்கு முன்னாடி வெசாகப்பட்டினம் போய்ச் சேந்திருக்கும்."  அந்த வேனுக்குள் நான் யாரை உட்கார வைத்து ஓட்டினேன் என்பதை அப்போதுதான் சரியாக நினைத்துப் பார்த்தேன்.

சக்கரத்தை மறுபடி கழற்றியவர் குனிந்து உள்ளே பார்த்தார். நிமிர்ந்தார். "சாரே, போய் டீ வாங்கிக்கினு வாங்க. இங்க பக்கத்துல நல்லாருக்காது. ரோட்டுக்கு அந்தாண்ட போங்க."

நெடுஞ்சாலையைக் கடக்கச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஃபிளாஸ்க்கோடு திரும்பி வர இருபது நிமிஷம் ஆகிவிட்டது. வரும்போது என் மனைவி வேனிலிருந்து இறங்கிக் கோர்ட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஆனால் சிரித்துக்கொண்டும் இருந்தாள். எதிரே டயர் மேல் உட்கார்ந்து அக்காவும் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"என்ன ஆச்சு?"

"தூசி" என்றாள் மனைவி.

இரண்டு சக்கரங்களும் உட்காருகிற இடம் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. தரையில் வெள்ளிப் பெயிண்ட் செதில்களும் கொஞ்சம் வெள்ளைத் தூளும் கிடந்தன. சாக்பீஸ் தூள் என்று நினைத்தேன். அக்கா எழுந்து என்னைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"உள்பக்கம் பெயிண்ட்டு அடிச்சது யாரு?"

"நான்தான்."

"அது காயறதுக்குள்ள மாட்டினது?"

"நான்தான்."

"அப்போ தப்பு யாருது? மாமி கேக்கற மாதிரி சொல்லுங்க."

"தப்பு என்னுதுதான்" என்றேன். தொழிற்சாலையில் முப்பது வருஷத்தில் ஒரு நாளும் சொல்லாத வாக்கியம். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் தலைகுனிந்ததைப் பார்க்கச் சகிக்காமல் அவள் குனிகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

நட்டுகளை நேர் எதிர் எதிராக மாற்றி மாற்றி இறுக்கினார். நூறு கிலோமீட்டர் போனதும் மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொன்னார். கிளம்பும்போது ஜன்னல் வழியாக மனைவிக்கு ஒரு பொட்டலம் கடலை கொடுத்தார். எண்பது வந்தது, எண்பத்தைந்து வந்தது. டம்ளர்கள் வாயைத் திறக்கவில்லை. தொண்ணூறில் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவள் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் விசாகப்பட்டினத்தில் அக்காவும் தங்கையும் வாசலிலேயே கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் வேனைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டேன். என் கண்ணிலும் தூசி.

இது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் அந்த வேனில் நாங்கள் போகாத ஊர் குறைவு. போகிற இடத்திலெல்லாம் நான் பெயிண்ட் அடித்த கதையைச் சொல்வேன், எளாவூர் அக்காவை நடித்துக் காட்டுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். மனைவி மட்டும் சிரிக்காமல், "ரெண்டு கோட்டு இல்லே, மூணு" என்று திருத்துவாள். வேறு ஒன்றும் சொல்ல மாட்டாள்.

போன ஆயுதபூஜை அன்று காலை மறுபடி சக்கரத்தைக் கழற்றி வெளிப்பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்துச் சுவரில் சாத்தியிருந்தேன். அவள் பூஜைத் தட்டோடு வந்து எட்டவே நின்றாள். ஏழு வருஷமாக அப்படித்தான் நிற்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சக்கரத்துக்குக் கிட்டே வரவில்லை. வண்டிக் கண்ணாடிக்கு மட்டும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகிறவள்.

"ஏன் அங்கேயே நிக்கறே? வா, வந்து சக்கரத்துக்கும் போடு" என்றேன்.

"பெயிண்ட் கெட்டுடுமே."

"கெட்டா கெடட்டும். அன்னிக்கு உன்னை அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. பண்டிகைச் சமயமும் அதுவுமா, தெருவே கேக்கற மாதிரி கத்தினேன். தப்புதான்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். படியில் உட்கார்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அன்னிக்கு நீங்க காபி குடிக்கப் போனப்போ நான் கிட்டே வந்தேன்" என்றாள். "முன்பக்கம் போட்டா நீங்க கத்துவேள். சக்கரத்துக்குப் போடாம விடவும் மனசு கேக்கலை, அக்காவாத்துக்குப் போற வண்டியாச்சே. சக்கரத்துக்குப் பின்னாடி, உங்க கண்ணுக்குத் தெரியாத இடமாப் பார்த்து, திருமண்ணைக் கெட்டியாக் கொழைச்சு ரெண்டுத்துக்கும் பெரிசா நாமம் சாத்தினேன். ஈரப் பெயிண்ட்டோட அது சக்கரம் போய் உட்கார்ற இடத்துலே அப்படியே ஒட்டிண்டு கல்லா இறுகிப்போச்சாம். அதுதான் ஆடித்து. பெயிண்ட் பாதி, நான் பாதி."

தரையில் கிடந்த வெள்ளைத் தூள் எனக்கு ஞாபகம் வந்தது.

"அந்தம்மா பார்த்ததுமே உங்களை டீக்கு அனுப்பிட்டா. என்னைப் பெஞ்சுலே உட்கார வச்சுக் கேட்டா. சொன்னேன். எல்லாம் என்னாலேதான், எனக்காக வண்டி, அதையும் நானே கெடுத்தேன்னு அழுதேன். அதுக்கு அவா என்ன சொன்னா தெரியுமோ? 'ஒளிஞ்சு நின்னு சாமி கும்புட வச்சது யாரு மாமி? நீங்க வாயத் தொறக்காதீங்க. சாரு பாதிதான் ஒத்துக்கினாரு. மீதி அவரா சொல்றாரா பாருங்க. அன்னிக்கிச் சொல்லிக்கலாம்'னா. ஏழு வருஷமாக் காத்துண்டிருக்கேன்."

எத்தனை வீட்டு வாசலில், எத்தனை பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு நான் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தரமும் பக்கத்தில் இவள் உட்கார்ந்திருந்தாள், நான் மீதியைச் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டு. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"போடு" என்றேன். "முன்பக்கமாவே போடு."

அவள் திருமண்ணைக் குழைத்து, ஈரம் காயாத வெள்ளிப் பெயிண்ட்டின் மேல் சக்கரத்துக்கு ஒன்றாகப் பெரிய நாமமாகச் சாத்தினாள். முதலாவது ஒரு பக்கம் சரிந்தது. இரண்டாவதில் அவள் வளையல் உரசிப் பெயிண்ட் ஒரு விரல் அகலத்துக்கு வழித்துக்கொண்டு போய்விட்டது. எழுந்து நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

முப்பது வருஷம் ரிஜெக்ட் செய்து பழகிய கண்ணால் இரண்டு சக்கரங்களையும் மேலிருந்து கீழே பார்த்தேன்.

"ரொம்ப நன்னா இருக்கு" என்றேன்.

பொய்தான். ஆனால் ரோடு அகலப்படுத்தியபோது எளாவூர்க் கடை இடிபட்டுவிட்டது. பெஞ்சு இப்போது அங்கே இல்லை.